பிரசங்க மேடையைச் சுற்றி ஓர் ஊர்

ஸ்காட்லாந்தின் கிராமத் தேவாலயங்களைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் டால்மெனியில்தான் தொடங்குவார்கள். எடின்பரோவுக்கு மேற்கே, ஃபோர்த் ரயில் பாலத்துக்கு அருகில் இருக்கும் அந்தச் சிற்றூரில், 12ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் எழுந்த ஆலயம் ஒன்று ஏறக்குறைய முழுதாக நிற்கிறது. சபை அமரும் நடுக்கூடம், அதைவிடக் குறுகிய குருமார் பகுதி, அதனினும் குறுகிய அரைவட்டக் கிழக்கு முனை. ஒன்றுக்குள் ஒன்றாக ஒடுங்கிக்கொண்டே போகும் இந்த மூன்று அறைகளையும் செதுக்கிய வளைவுகள் பிரிக்கின்றன. கிழக்குப் பகுதிகளின் மேல் கல்லாலான விலா வளைவுக் கூரை. தெற்கு வாசலின் வளைவுக் கற்களில் கற்பனை விலங்குகளும் மனித முகங்களும் நெருங்கி நிற்கின்றன. அதற்கு மேல் ஒன்றோடொன்று பின்னிய வளைவுகளின் வரிசை. கல் தச்சர்கள் விட்டுச்சென்ற அடையாளக் குறிகளில் சில, ஃபோர்த் கழிமுகத்துக்கு அக்கரையிலுள்ள டன்ஃபர்ம்லின் மடாலயத்துக் கற்களிலும் தென்படுவதால் இரண்டிலும் ஒரே பட்டறை ஆட்கள் வேலை செய்திருக்கலாம் என்று கருதப்படுகிறது.

டால்மெனி அழகானது, ஐயமில்லை. ஆனால் ஸ்காட்லாந்தின் கிராம ஆலயம் என்றால் என்ன என்ற கேள்விக்கு அது சரியான விடை அல்ல. இன்று நாம் காணும் டால்மெனியில் பாதி அழகு 20ஆம் நூற்றாண்டு மீட்டெடுத்துக் கொடுத்தது. இடைக்காலக் கோபுரம் இடிந்து பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு, 1937இல்தான் மேற்கே புதிய கோபுரம் எழுந்தது. இடைப்பட்ட காலத்தில் அந்தக் கட்டடத்துக்குள் ஊர் எப்படி உட்கார்ந்தது, யார் எங்கே உட்கார்ந்தார்கள், அதற்கு யார் காசு கொடுத்தார்கள் என்பது அதன் சிற்பங்களிலிருந்து தெரியாது. என் பார்வையில் ஸ்காட்லாந்துக் கிராம ஆலயத்தின் மரபு அந்த உட்காரும் முறையில்தான் இருக்கிறது. சுவரைக் காப்பாற்றுவதில் காட்டிய அக்கறையை அந்த நாடு இருக்கைகளைக் காப்பதில் காட்டவில்லை.

1560இன் மதச் சீர்திருத்தத்துக்கு முன்பு பெரும்பாலான கிராம ஆலயங்கள் டால்மெனி போல இருந்ததே இல்லை. நீண்ட, தாழ்ந்த, சன்னல் குறைந்த செவ்வகக் கட்டடங்கள் அவை. ஃபைஃப் பகுதியின் லூகர்ஸில் 12ஆம் நூற்றாண்டுக் கிழக்குப் பகுதி, வெளிச்சுவரில் இரண்டு அடுக்கு வளைவு அலங்காரத்துடன் பிழைத்திருக்கிறது. அரைவட்ட முனையின் தலைமேல் பிற்காலத்தார் ஒரு மணிக்கூண்டை ஏற்றி வைத்தார்கள். பொருந்தாதுதான், ஆனால் இன்று அதை எடுத்துவிட்டால் லூகர்ஸ் லூகர்ஸாக இருக்காது. டண்டீக்கு அருகே ஃபவுலிஸ் ஈஸ்டரில் 1453இல் கட்டிய ஆலயம் அபூர்வமான ஒன்று. அங்கே 15ஆம் நூற்றாண்டின் மரப்பலகை ஓவியங்கள், சிலுவையில் இயேசு தொங்கும் பெரிய காட்சி உட்பட, தப்பிப் பிழைத்திருக்கின்றன. சீர்திருத்தம் வந்தபோது ஸ்காட்லாந்தில் அழிந்த தேவாலய ஓவியங்களின் அளவை எண்ணிப் பார்த்தால், இந்தப் பலகைகள் மிஞ்சியது பெரும் அதிர்ஷ்டம்.

1560 ஆகஸ்ட்டில் ஸ்காட்லாந்துப் பாராளுமன்றம் போப்பாண்டவரின் அதிகாரத்தை ரத்து செய்து, பூசையையும் தடை செய்தது. சீர்திருத்தத் தலைவர் ஜான் நாக்ஸும் அவரைச் சேர்ந்தவர்களும் கொண்டுவந்த வழிபாட்டில் மையம் பலிபீடம் அல்ல, பிரசங்கம். கேட்பதற்கு ஏற்ற கட்டடம் வேண்டும். ஆனால் புதிதாகக் கட்டப் பணமில்லை. பழைய நீண்ட செவ்வகங்கள்தான் கையில் இருந்தன. கிழக்கு முனையில் நின்று பேசினால் மேற்கு முனையில் இருப்பவருக்குக் காதில் விழாது. ஆகவே பிரசங்க மேடையை நீண்ட தெற்குச் சுவரின் நடுவே கொண்டுபோய் நிறுத்தினார்கள். இருபுறமும் சன்னல் இருந்தால் போதகருக்கு வாசிக்க வெளிச்சம் கிடைக்கும். சபையார் மூன்று பக்கமும் அவரைப் பார்த்து உட்காரலாம். கூட்டம் பெருகியபோது எதிரே வடக்குப் பக்கம் ஒரு நீட்சியைச் சேர்த்தார்கள். மேலிருந்து பார்த்தால் ஆங்கில எழுத்து ‘டி’ போன்ற வடிவம். கட்டடக் கலைஞர் யாரும் வரைந்து கொடுத்த திட்டம் அல்ல இது. காது கேட்க வேண்டும் என்ற ஒரே தேவையிலிருந்து கிளம்பி, இரண்டு நூற்றாண்டுகளில் ஸ்காட்லாந்தின் கிராமப்புறத்துக்கே உரிய வடிவமாக நிலைத்துவிட்டது.

அந்த வடக்கு நீட்சிக்கு இன்னொரு காரணமும் உண்டு, அவ்வளவு பக்திமயமானது அல்ல. ஆலயத்துக்குள் பிணம் புதைப்பதை 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சபையின் பொதுப்பேரவை திரும்பத் திரும்பத் தடை செய்தது. திரும்பத் திரும்ப என்பதிலிருந்தே யாரும் கேட்கவில்லை என்று தெரிகிறது. ‘லேர்டு’ என்று அழைக்கப்பட்ட நிலக்கிழார்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஆலயத்தை ஒட்டித் தங்கள் குடும்பத்துக்கென்று ஒரு பக்கக் கட்டடம். கீழே நிலவறையில் மூதாதையர் கல்லறை, மேலே ஆலயத்துக்குள் திறக்கும் மாடம். கல்லறை ஆலயத்துக்குள் இல்லை, ஆனால் ஆலயத்தோடு ஒட்டி இருக்கிறது. டால்மெனியிலும் 1671இல் பிரிம்ரோஸ் குடும்பம் வடக்குப் பக்கம் அப்படி ஒன்றைச் சேர்த்தது. பின்னாளில் பிரதமரான ரோஸ்பரி பிரபு அந்த வழியில் வந்தவர். மேற்குக் கரையின் லார்க்ஸில் 1636இல் சர் ராபர்ட் மாண்ட்கோமரி கட்டிய ஸ்கெல்மார்லி பக்கக் கூடத்தின் மரக்கூரை முழுவதும் ஓவியங்கள். 1638இல் ஜேம்ஸ் ஸ்டாக்கர் தீட்டியவை. ஆலயம் பின்னர் இடிக்கப்பட்டது, பிரபுவின் கல்லறைக்கூடம் மட்டும் நிற்கிறது. படம் வேண்டாம், சிலை வேண்டாம் என்று சொன்ன சபையின் சுவரை ஒட்டியே இத்தனை வண்ணத்தையும் கொட்ட முடிந்தது, செலவு பிரபுவுடையது என்பதால்.

இந்த உட்காரும் ஏற்பாடு இன்றும் கண்ணுக்குத் தெரியும் இடம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் குரோமார்ட்டியைச் சொல்வேன். வடகிழக்குக் கடலோரத்தில், கறுப்புத் தீவு என்று பெயர் பெற்ற தீபகற்பத்தின் முனையில் இருக்கும் சிறு துறைமுக ஊர் அது. அங்குள்ள கிழக்கு ஆலயம் இடைக்காலத்தில் தொடங்கியது. 1739இல் வடக்கு நீட்சி சேர்ந்ததும் ‘டி’ வடிவம் பெற்றது. தெற்குச் சுவரில் பிரசங்க மேடை. அதைப் பார்த்தபடி மூன்று கரங்களிலும் மூன்று மேல்மாடங்கள். ஒன்று நிலக்கிழாருடையது, மற்றொன்றுக்கு இன்றுவரை ‘ஏழைகள் மாடம்’ என்று பெயர். கீழே அடைத்த மர இருக்கைகள். உள்ளே நுழைந்தவுடன் 18ஆம் நூற்றாண்டின் குரோமார்ட்டி முழுதும் வரிசைப்படி உட்கார்ந்திருந்ததை ஒரு வரைபடம் போலப் படித்துவிடலாம். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு பெரிய களஞ்சியம் அளவுக்குத்தான் இருக்கும். டால்மெனி வாசலில் நின்று படம் எடுப்பவர்கள் இதைக் கடந்து போய்விடுவார்கள். கல் தச்சராக வாழ்க்கையைத் தொடங்கி, பின்னர் நிலவியல் அறிஞராகவும் பத்திரிகை ஆசிரியராகவும் புகழ்பெற்ற ஹ்யூ மில்லர் 1802இல் பிறந்தது இந்த ஊரில்தான்.

பிரசங்கம் மட்டும் அல்ல, ஒழுக்கத்தைக் காப்பதும் இந்தக் கட்டடத்தின் வேலையாக இருந்தது. போதகரும் மூப்பர்களும் சேர்ந்த அவை ஊரின் ஒழுக்கக் காவலர். விபசாரம், ஓய்வுநாளை மீறுதல், வாய்ச்சண்டை எல்லாம் அவர்கள் முன் வந்தன. குற்றவாளி பிரசங்க மேடைக்கு எதிரே ‘மனந்திரும்புதல் முக்காலி’யில், சபை முழுவதும் பார்க்க, பல ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார வேண்டும். கழுத்தில் மாட்டும் இரும்பு வளையம் வாசலிலேயே சங்கிலியில் தொங்கியது. எடின்பரோவின் விளிம்பில் உள்ள டடிங்ஸ்டன் ஆலயத்தில் அதை இன்றும் பார்க்கலாம்.

திருவிருந்திலும் இதே கண்காணிப்பு. ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டுமே நடந்த அந்த விருந்தில் பங்கெடுக்கத் தகுதி உள்ளவரா என்று மூப்பர்கள் முன்கூட்டியே சோதித்து, சபையின் பெயரெழுத்து பொறித்த சிறு ஈய வில்லை ஒன்றைக் கொடுப்பார்கள். வில்லை இல்லாதவருக்கு மேசையில் இடமில்லை. மேசை என்றால் மேசையேதான். முழங்காலிட்டு வாங்காமல், நீளமான பலகையைச் சுற்றி உட்கார்ந்து அப்பத்தையும் ரசத்தையும் கைமாற்றிக்கொண்டார்கள். அந்த ஒரு நாளுக்காக இருக்கைகளை மடக்கி மேசையாக மாற்றும் தச்சு வேலையெல்லாம் நடந்தது. சவுத் யூயிஸ்ட் தீவின் ஹவ்மோரில், 1858இல் கட்டிய ஆலயத்தின் நடுவில் அந்த நீண்ட மேசை இன்னும் அப்படியே இருக்கிறது. அங்கங்கே ஒன்றிரண்டு தவிர, மற்ற இடங்களில் இவை விறகாகிப் போயின.

கல்லறைத் தோட்டத்தைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். ஏபர்லெம்னோவில் ஆலய முற்றத்திலேயே, கிறிஸ்தவச் சிலுவையை ஒரு பக்கமும் போர்க்காட்சியை மறுபக்கமும் தாங்கிய, பிக்டுகள் எனும் பண்டைய ஸ்காட்லாந்து மக்களின் கல் நிற்கிறது. ஆயிரத்து இருநூறு ஆண்டுப் பழமை. ஆனால் பார்வையாளரை அதிகம் இழுப்பது பிணத்திருடர் காலத்து எச்சங்கள்தான். எடின்பரோ, அபர்டீன் மருத்துவப் பள்ளிகளின் உடற்கூறு வகுப்புகளுக்குப் பிணங்கள் போதாத காலம் அது. புதைத்த சில வாரங்களில் உடல் அழுகிவிட்டால் திருடனுக்கு அது பயன்படாது. அதுவரை காவல் காத்தால் போதும். டடிங்ஸ்டனில் 1824இல் கல்லறை வாசலில் ஒரு காவல் கோபுரமே கட்டினார்கள். பல ஊர்களில் சவப்பெட்டி மேல் கனத்த இரும்புக்கூண்டை இறக்கி, சில வாரம் கழித்து அடுத்த பிணத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். அபர்டீன்ஷயரின் உட்னி கிரீனில் இருப்பது இவற்றில் மிக விநோதமானது: வட்ட வடிவக் கல் அறை, உள்ளே சுழலும் மேடை, அதன் மேல் சவப்பெட்டிகள். புதிதாக வருவது உள்ளே போகப் போக, பழையது சுற்றி வந்து வாசலை அடையும்போது புதைக்கத் தயாராகியிருக்கும். அதைக் கட்டி முடித்தது 1832இல். அதே ஆண்டு வந்த உடற்கூறியல் சட்டம் மருத்துவப் பள்ளிகளுக்குச் சட்டபூர்வமாக உடல்கள் கிடைக்க வழி செய்துவிட்டதால், அந்தச் சுழல்மேடைக்கு வேலை அதிகம் இருந்திருக்காது.

இனி பணத்துக்கு வருவோம். ஊரின் நிலவுடைமையாளர்கள்தான் ஆலயத்தையும் போதகர் வீட்டையும் கட்டிப் பராமரிக்க வேண்டும் என்பது அன்றைய சட்டம். சுருக்கமாக, செலவழிக்க விரும்பாதவர்களே கட்டுபவர்கள். ஸ்காட்லாந்து ஆலயங்களின் எளிமையை இறையியல் எளிமை என்று புகழ்வோர் இந்தக் கஞ்சத்தனத்துக்கும் ஒரு பங்கு கொடுக்க வேண்டும். வடக்கு மலைநாட்டிலும் தீவுகளிலும் பரந்த பகுதிகளுக்கு ஆலயமே இல்லை என்றபோது பாராளுமன்றம் தலையிட்டது. 1823இல் 50,000 பவுண்டு ஒதுக்கி ஒரு சட்டம். பொறுப்பு, சாலைகளும் பாலங்களும் கட்டிப் புகழ்பெற்ற பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்டிடம். ஆலயமும் வீடும் சேர்ந்து 1,500 பவுண்டைத் தாண்டக்கூடாது. அவரிடம் வேலை பார்த்த வில்லியம் தாம்சனின் வரைபடம் தேர்வானது. 32 ஆலயங்கள் எழுந்தன, அயோனா, அல்லபூல், பிளாக்டன் என்று எங்கே பார்த்தாலும் ஒரே முகம்: தட்டையான வளைவுள்ள சன்னல்கள், கூண்டு போன்ற சிறு மணிமாடம், வெள்ளைச் சுவர். அரசு அச்சில் வார்த்த வழிபாட்டிடம் என்று சிலர் இகழ்வதுண்டு. அந்த மலைகளின் நடுவே, அந்தத் தொகைக்கு, இதைவிடக் கச்சிதமாக எதையும் கட்டியிருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

போதகரை யார் நியமிப்பது என்ற தகராறு 1843இல் வெடித்தது. 1712ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த உரிமை நிலக்கிழார் போன்ற புரவலர்களிடம் இருந்தது. சபையாரே தேர்ந்தெடுக்க வேண்டும் என்றவர்கள் அந்த மே மாதம் வெளிநடப்பு செய்து சுதந்திரச் சபையை நிறுவினார்கள். 450க்கும் மேற்பட்ட போதகர்கள், அதாவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல், வீட்டையும் சம்பளத்தையும் விட்டு வெளியேறினர். சென்னை வரை அதன் அதிர்வு வந்தது: 1837இல் இங்கே பள்ளி தொடங்கிய ஜான் ஆண்டர்சன் சுதந்திரச் சபையின் பக்கம் போனார், அந்தப் பள்ளியிலிருந்து வளர்ந்ததுதான் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. ஸ்காட்லாந்துக் கிராமங்களில் வெளியேறியவர்களுக்குக் கூடுவதற்கு இடமில்லை. நிலம் முழுவதும் யாரை எதிர்த்தார்களோ அவர்களுடையது. ஸ்ட்ரான்ஷியனில் சர் ஜேம்ஸ் ரிடல் ஆலயம் கட்ட இடம் தர மறுத்தார். மக்கள் பணம் திரட்டி, 1846இல் கிளைட் கரையில் ஓர் இரும்பு மிதவை ஆலயத்தைக் கட்டி, இழுத்துவந்து சுனார்ட் கடல்நீரேரியில் நங்கூரமிட்டார்கள். சுமார் 750 பேர் உட்காரலாம். நிலம் அவருடையதாக இருக்கலாம், கடல் இல்லையே.

இதற்கு நேர்மாறான சோகம் குரோய்க்கில். ஆர்ட்கேயிலிருந்து மேற்கே பள்ளத்தாக்கு வழியாகப் பத்து மைல் போனால் வரும் டெல்ஃபோர்ட் ஆலயம் அது, 1827இல் கட்டியது. அங்கிருந்த போதகர் கஸ்டாவஸ் ஏர்ட் 1843இல் சுதந்திரச் சபைக்குப் போனார், மக்களும் அவரோடு போனார்கள். 1845 மே மாதம் கிளென்கால்வி பள்ளத்தாக்கிலிருந்து, ஆட்டு மந்தைகளுக்கு இடம் கொடுப்பதற்காகக் குடியானவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். 80, 90 பேர், குழந்தைகள் உட்பட, ஆலய முற்றத்தில் கம்பளங்களையும் துணிகளையும் கட்டிக் கூடாரம் போட்டுத் தங்கினார்கள். உள்ளே போகவில்லை. கிழக்குச் சன்னலின் சாய்சதுரக் கண்ணாடிகளில், வெளிப்புறமிருந்து, கூர்மையான எதையோ கொண்டு கீறி எழுதியவை இன்றும் படிக்கக் கிடக்கின்றன: ஊரின் பெயர், நாள், தாங்கள் இங்கே இருந்தோம் என்ற செய்தி, தங்களையே பொல்லாத தலைமுறை என்று சொல்லிக்கொள்ளும் ஒரு வரி. கேலிக் மொழி பேசிய அந்த மக்கள் ஆங்கிலத்தில் எழுதினார்கள். நேர்ந்ததைத் தங்கள் பாவத்துக்கான தண்டனையாகப் பார்த்தார்கள் என்று பலர் விளக்குகிறார்கள். லண்டனின் ‘தி டைம்ஸ்’ நிருபரை அனுப்பி எழுதியது, வெளியேற்றம் நிற்கவில்லை.

1843க்குப் பிறகு பல ஊர்களில் இரண்டாவது ஆலயம் எழுந்தது. சில ஊர்களில் மூன்றாவதும். புரவலர் உரிமை 1874இல் ஒழிந்தது, 1929இல் பெரும்பாலோர் மீண்டும் ஒன்றானார்கள். மனிதர்கள் சேர்ந்துவிட்டார்கள், கட்டடங்கள் சேர முடியாதே. இன்று ஸ்காட்லாந்து கைவிடும் ஆலயங்களின் எண்ணிக்கையைப் பார்த்து, பக்தி செத்துவிட்டது என்று பதறுபவர்கள் இந்தக் கணக்கை மறக்கிறார்கள். தேவைக்கு மேல் கட்டியதில் ஒரு பகுதி, சண்டை போட்டதற்காகக் கட்டியது.

இதற்கிடையே, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இன்னொரு மாற்றம் நடந்தது. அழிவு என்று சொல்லாமல் ‘புதுப்பித்தல்’ என்று சொன்னதால் பலர் கண்ணில் படவில்லை. ஆர்கனும் வண்ணக் கண்ணாடியும் திரும்பி வந்தன. பிரசங்க மேடையைத் தெற்குச் சுவரிலிருந்து பிடுங்கிக் கிழக்கே வைத்தார்கள், மாடங்களை இடித்தார்கள், இருக்கைகளை ஒரே திசைக்குத் திருப்பினார்கள். சுவர்களின் மேலிருந்த ‘ஹார்லிங்’ எனும் சுண்ணாம்புப் பூச்சைச் சுரண்டிக் கல்லைக் காட்டினார்கள். சாய்ந்தடிக்கும் மழையிலிருந்து சொரசொரப்பான கற்சுவரைக் காத்ததே அந்தப் பூச்சுதான். பிறகு வந்தவர்கள் கல்லிடுக்குகளில் சிமென்ட் அடைத்தபோது உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் போயிற்று. இந்தத் தவறுக்குப் பெரிய பெயர்களும் விலக்கல்ல. ராஸ்லின் சிற்றாலயத்தின் உட்புறத்தில் 1950களில் பூசிய சிமென்ட் கலவை ஈரத்தைச் சிறைவைத்தது. 1997இல் கட்டடம் முழுவதையும் ஓர் இரும்புப் பந்தலால் மூடி, பல ஆண்டு உலரவிட வேண்டியிருந்தது. ராஸ்லினுக்கு ஒரு துப்பறியும் நாவலின் புண்ணியத்தால் பார்வையாளரும் பணமும் வந்தன. மற்றவற்றுக்கு நாவல் இல்லை.

ஸ்காட்லாந்துச் சபையின் உறுப்பினர் எண்ணிக்கை 1950களின் நடுவில் 13 லட்சத்துக்கு மேல். இப்போது இரண்டரை லட்சத்தைச் சுற்றி. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 51.1 விழுக்காட்டினர் தங்களுக்கு மதம் இல்லை என்றார்கள். 1925ஆம் ஆண்டுச் சட்டம் பராமரிப்புச் சுமையை நிலவுடைமையாளர்களிடமிருந்து சபைக்கு மாற்றியதால், வயதான முப்பது பேர் ஓர் 18ஆம் நூற்றாண்டுக் கூரைக்குப் பொறுப்பு. 2021இல் வந்த சபைச் சட்டத்தின்படி ஒவ்வொரு வட்டாரமும் தன் கட்டடங்களை ‘ஏ’, ‘பி’ என்று பிரிக்கிறது: ‘ஏ’ வைத்துக்கொள்ள, ‘பி’ கைவிட. அரசின் மரபுக் கட்டடப் பட்டியலிலும் ‘ஏ’, ‘பி’, ‘சி’ உண்டு. அங்கே ‘ஏ’ என்றால் நாட்டின் தலைசிறந்தவை. ஒரே ஆலயம் அரசுக்கு ‘ஏ’வாகவும் சபைக்கு ‘பி’யாகவும் இருக்கலாம், இருக்கிறது.

கைவிட்ட பிறகு என்ன ஆகும் என்பதற்கு நல்ல உதாரணங்களும் உண்டு. அல்லபூலின் டெல்ஃபோர்ட் ஆலயம் ஊர் அருங்காட்சியகம் ஆயிற்று, மாடங்களோடும் பிரசங்க மேடையோடும். போர்ட்மஹோமக்கின் டார்பட் பழைய ஆலயம் 1999இல் கண்காட்சியகமாகத் திறந்தது; அதைச் சுற்றி யார்க் பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் கார்வர் நடத்திய அகழாய்வில் பிக்டிஷ் மடாலயம் ஒன்றே வெளிப்பட்டது. குரோமார்ட்டியை 1996இல் தொடங்கிய ஓர் அறக்கட்டளை ஏற்றுச் செப்பனிட்டது. ஆனால் அந்த அறக்கட்டளை விரல்விட்டு எண்ணக்கூடிய ஆலயங்களையே தாங்க முடிகிறது; இங்கிலாந்தில் இதே வேலையை அரசு நிதியுதவியோடு செய்யும் அமைப்பிடம் 350க்கு மேல் இருக்கின்றன. மீதியெல்லாம் சந்தைக்கு வரும். விடுமுறை வீடாகும், கலைக்கூடமாகும், சில கூரையின்றி நிற்கும்.

வீடாக்குவதை எதிர்ப்பது வீண்; கூரை நிற்க ஆள் குடியிருப்பதே நல்லது. என் ஆட்சேபம் வேறு. வழிபாட்டில் உள்ள ஆலயத்தின் உட்புறத்தை மாற்ற மரபுக் கட்டடச் சட்டத்தின் அனுமதி ஸ்காட்லாந்தில் தேவையில்லை. அது சபையின் சொந்தக் குழுக்களின் பொறுப்பு. வழிபாடு நின்ற நாளிலிருந்துதான் சட்டம் உள்ளே வருகிறது. அதற்குள் இருக்கைகள் ஏலத்துக்குப் போயிருக்கும், மாடத்தின் முகப்புப் பலகை எங்கோ ஒரு மதுக்கடையின் அலங்காரமாகியிருக்கும். டால்மெனி போன்றவற்றைச் சட்டமும் சுற்றுலாவும் பார்த்துக்கொள்ளும். ‘பி’ என்று குறித்த ஒவ்வோர் ஆலயத்திலும், விற்பனைப் பலகை தொங்குவதற்கு முன், எந்த இருக்கை யாருடையது, எந்த மாடத்துக்கு எந்தப் படி, மேசை எங்கே மடங்கியது என்று அளந்து, படமெடுத்து, அங்கே உட்கார்ந்து வளர்ந்த முதியவர்களிடம் கேட்டு எழுதிவைப்பது கூரை செப்பனிடும் செலவில் ஒரு சிறு பங்குகூட ஆகாது. அதையும் சபையின் விற்பனை நடைமுறையில் ஒரு கட்டாயப் படியாக எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிக்கு, வாங்குபவர் ஒரு மாடத்தையாவது பிரிக்காமல் விட வேண்டும் என்ற நிபந்தனை போதும்.